மலையைப் படம் பிடிக்க நட்ட கல்

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

அந்த அக்கா கையில் போனை எடுத்தால் வாயிலிருந்து முதலில் வருவது இந்த வார்த்தைதான். ஊரில் மற்றவர்கள் படம் எடுக்கும்போது "கிட்ட வாங்க, சேந்து நில்லுங்க" என்பார்கள். அக்கா இருக்கிற ஆளையெல்லாம் விலக்கிவிட்டுத்தான் எடுப்பார்.

பிள்ளைகளே, அவரை உங்களுக்கு நினைவிருக்காது. மகளே, நீ அப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்கப் பழகியிருந்தாய். தம்பி அம்மாவின் வயிற்றில் இருந்தான். நாம் நமுனுகுல மலைப் பக்கத்துத் தோட்டத்தில், வரிசை வீடுகளான கீழ் லயத்தில் குடியிருந்தோம். அக்காவின் ஒற்றை அறைக் காம்பரா நம்முடையதிலிருந்து இரண்டு வாசல் தள்ளி. அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. தன் முகம் ஒரு படத்திலும் வரக்கூடாது என்று இருந்தவருக்கு, தன் பெயர் ஒரு தாளில் வருவதும் பிடிக்காது.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததில் பிழை இல்லை.

அக்கா சில வருடங்கள் அரபு நாட்டில் ஒரு வீட்டில் வேலை செய்தார். நடக்க முடியாத ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அந்த வீடு பாலைவனத்தின் ஓரத்தில் ஒரு சின்ன ஊரில் இருந்தது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பெரிய பள்ளத்தாக்கு. அரசாங்கம் அதைத் தேசியப் பூங்காவாக வைத்துக் காவல் போட்டிருந்தது. மகன் வெள்ளிக்கிழமைகளில் தாயைக் காற்றாட அங்கே கூட்டிப் போவார். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அக்காவும் போவார். பார்வையிடும் மேடைக்குப் போனதும் அந்த அம்மா தூங்கிவிடுவார். அவர் விழிக்கும்வரை அக்காவுக்கு வேலை இல்லை. அந்த நேரத்தில் எடுத்த படங்களைத்தான் நமக்குக் காட்டுவார்.

நான் அப்படியொரு இடத்தைப் பார்த்ததில்லை. தேயிலையைக் கவ்வாத்து வெட்டி முடித்த மலையைப் போல மொட்டையாக இருக்கும், ஆனால் செக்கச் செவேல் என்று. நிற்கிறவர் காலடியில் நிலம் பிளந்து, கீழே கீழே போய்க்கொண்டே இருக்கும். பாறைச்சுவர் முழுவதும் ரொட்டி அடுக்கிய மாதிரி வரி வரியாகத் தெரியும். ஒரு பக்கம் நெருப்பு நிறம், எதிர்ப்பக்கம் நீலம். புல் இல்லை, தண்ணீர் இல்லை, ஒரு காக்கை இல்லை.

"வெயில் மேல இருந்து படி எறங்கி வரும் தம்பி. மூணாவது படிக்கு வரும்போது எடுக்கணும். முந்தி எடுத்தா வெறும் கல்லு. பிந்தி எடுத்தாலும் வெறும் கல்லு."

"அதுக்காக அவ்வளவு நேரம் நிப்பீங்களாக்கா?"

"வேற என்னா வேல? அந்தம்மா தூங்குது. நான் நிக்கிறேன்."

அதில் ஒரு படத்தைப் பதுளை பஸாரில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் பெரிதாக அச்சடித்து, சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். அச்சடித்த நானா கேட்டாராம்: "இதுல நீங்க எங்கம்மா இருக்கீங்க?" அக்கா, "நான் இந்தப் பக்கம் நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

நம் லயத்துக் கோயிலில் விளக்கு வைக்கிற மாமா ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் கோயில் மாமா. அந்தப் படத்தை முதல்முறை பார்த்ததும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார்.

"இது கைலாசமா புள்ள?"

"இல்ல மாமா. பாலவனம். ஆடுகூட மேயாது."

"ஆடு மேயாட்டி என்னா? பாத்தா சாமி குடியிருக்கிற எடமாத்தான் இருக்கு."

பிறகு அவர் அந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் அதையும் சேர்த்துத்தான் கும்பிட்டார். அக்கா தடுக்கவில்லை. "நான் சொல்லிட்டேன். அவரு கும்புடுறாரு. நான் என்னா செய்ய?" என்பார்.

அக்காவின் குணமே அதுதான். தான் பார்த்ததைச் சொல்லுவார். அதற்கு மேலே ஒரு சொல் போடமாட்டார். ஒருமுறை லயத்தில் கோழி காணாமல் போய்ச் சண்டை வந்தது. அக்காதான் சாட்சி என்று இழுத்து வந்தார்கள்.

"அவன் கையில கோழியப் பாத்தேன்" என்றார் அக்கா.

"அப்ப அவன்தானே எடுத்தான்? சொல்லுங்க!"

"எடுத்தத நான் பாக்கல. கையில இருந்ததப் பாத்தேன்."

கோழிக்காரிக்கும் கோபம், பிடிபட்டவனுக்கும் கோபம். இரண்டு வீட்டாரும் கொஞ்ச காலம் அக்காவோடு பேசவில்லை. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

பெரிய மனுஷியான ஒரு பெண்பிள்ளையின் சடங்குக்கு, நல்ல போன் இருக்கிறதே என்று அக்காவைப் படம் எடுக்கச் சொன்னார்கள். படத்தைப் பார்த்தால் பந்தல் இருக்கிறது, பந்தலுக்குப் பின்னால் பனிமூட்டம் மலையேறுவது அவ்வளவு அழகாக இருக்கிறது, பிள்ளையின் தோள்பட்டை மட்டும் ஓரத்தில் இருக்கிறது. கொழுந்து எடுக்கிற பெண்கள் விடவில்லை. "ஏன்டியம்மா, எங்க மூஞ்சியெல்லாம் என்னா பூதமா? மலைக்கு மட்டுந்தான் ஒன் போனுல எடமா?" என்று கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் வைத்துக் கேலி செய்தார்கள். அக்காவும் சிரித்தார்.

சுற்றுலாக்காரர்கள் வருகிற எல்ல ஊருக்குப் போன ஒரு நாள் இன்னும் வேடிக்கை. வெள்ளைக்காரப் புருஷன் பெண்டாட்டி தங்கள் கேமராவை நீட்டி, தங்களை ஒரு படம் எடுக்கச் சொல்லிக் கையைக் காட்டியிருக்கிறார்கள். அக்கா வாங்கிப் பார்த்துவிட்டு, தள்ளி நிற்கச் சொல்லிக் கையைக் காட்டியிருக்கிறார். அவர்களும் தள்ளி நின்றார்கள். மலை இடுக்கின் வழியாகத் தெரிந்த சமவெளியை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

இனிக் கல்லின் கதைக்கு வருகிறேன்.

பாலைவனப் பூங்காவின் மேடை ஓரத்தில் இரும்பில் ஒரு தூண் நட்டிருந்தார்களாம். வருகிறவர்கள் தங்கள் போனை அதில் வைத்துப் படம் எடுத்துப் பூங்காவுக்கு அனுப்ப வேண்டும். யார் எடுத்தாலும் ஒரே இடம், ஒரே பார்வை. எதற்கு என்று அக்கா காவல்காரனிடம் கேட்டிருக்கிறார். "நாம பாக்கும்போது மல அசையாது. நாம வீட்டுக்குப் போனப் பொறகு அசையும்" என்று அவன் சிரித்தானாம். அக்கா அங்கே போன புதிதில் எடுத்த படத்தையும், ஊருக்கு வருமுன் கடைசியாக எடுத்த படத்தையும் எனக்குக் காட்டினார். முதல் படத்தில் கதவு போல ஒரு பாறைப் பலகை சுவரில் சாய்ந்து நின்றது. மற்றதில் அது இல்லை.

"எப்ப விழுந்துச்சு?"

"யாரும் பாக்கல தம்பி. அதுதான் எனக்கு மனசவிட்டுப் போகல."

ஊருக்கு வந்ததும் அதே மாதிரி ஒன்று வைக்க ஆசைப்பட்டார். நான் அப்போது தோட்டத்தில் கான் வெட்டுகிற ஆள். மழைத்தண்ணீர் ஓடுவதற்குத் தேயிலைக்கு நடுவே வெட்டுகிற வாய்க்காலைத்தான் நாங்கள் கான் என்போம். கல் நெம்புகிற என் அலவாங்கை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். ஓடையைத் தாண்டி எதிர்மலையில், பாதை திரும்புகிற இடத்தில், இடுப்பளவு உயரமான ஒரு கல்லை நட்டோம். உச்சியில் போன் சரியாக உட்காருகிற அளவுக்கு நான் உளியால் ஒரு பள்ளம் கொத்திக் கொடுத்தேன். அங்கிருந்து பார்த்தால் நம் லயத்தின் தகரக் கூரை, அதற்கு மேலே சவுக்கு மர வரிசை, அதற்கும் மேலே தண்ணீர் தேக்கும் தாங்கி, பிறகு மலை.

பௌர்ணமிப் போயா நாள் எல்லோருக்கும் விடுமுறை. ஒவ்வொரு போயாவுக்கும் அக்கா அங்கே போய் ஒரே ஒரு படம் எடுப்பார். கவ்வாத்து வெட்டிய மாதத்தில் மலை பழுப்பாக இருக்கும், பிறகு துளிர் வந்து பச்சையாகும், பிறகு பனி மூடும். படங்களைக் கட்டைவிரலால் வேகமாகத் தள்ளிக் காட்டும்போது மலை மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். நீ அதைப் பார்த்துக் கைதட்டுவாய், மகளே.

நட்ட கல் எவ்வளவு நாள் வெறும் கல்லாக இருக்கும், நம் தோட்டத்தில்? முதலில் கொழுந்துக்குப் போகிற யாரோ ஒருத்தி ஒரு செம்பரத்தம் பூவை வைத்தாள். பிறகு குங்குமம் வந்தது. பிறகு கவ்வாத்து வெட்டுக்குப் போகிற ஆண்கள் கத்தியைக் கல்லின் காலடியில் வைத்து எடுத்துக்கொண்டு போனார்கள். கோயில் மாமாவுக்கு மனசு கேட்கவில்லை. சாமி பாதை ஓரத்தில் நிற்கிறது, செருப்புக் காலோடு எல்லோரும் உரசிக்கொண்டு போகிறார்கள் என்று, தன் மகனையும் கூட்டிக்கொண்டு போய்க் கல்லைப் பிடுங்கி, பாதையைவிட்டு ஒரு முழம் மேலே நட்டு, அடியில் சீமெந்து பூசி, மேலே ஒரு தகரத்தையும் போட்டுவிட்டார்.

அடுத்த போயாவுக்கு நானும் அக்காவோடு போயிருந்தேன். மாமா கற்பூரம் கொளுத்திக்கொண்டிருந்தார்.

"என்னா மாமா இப்பிடிப் பண்ணிட்டீங்க?"

"சாமிய மழையில நிக்க வைக்கலாமா புள்ள?"

"இது சாமி இல்ல மாமா. போனு வைக்கிற கல்லு."

"இருக்கட்டுமே. நீ ஒன் போன வையி. செருப்பக் கழட்டிட்டு வையி."

அக்கா தகரத்தையும் சீமெந்தையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்ப் படம் எடுத்தார். திரும்பி வரும்போது, "இனிப் பழைய படத்தோட புதுப் படத்தச் சேத்துப் பாக்க முடியாது தம்பி" என்று மட்டும் சொன்னார். மாமா கெட்டவர் இல்லை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டும். லயத்தில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் திருநீறோடு வந்து நிற்பவர் அவர்தான். உனக்கும் வந்து நின்றிருக்கிறார்.

அந்த வருடக் கடைசியில் மழை பிடித்தது. விடாத மழை. நான் வெட்டிய கான் ஒன்று மேலே தானாகவே வளைந்து கிடந்தது. கரை இடிந்திருக்கும் என்று நினைத்தேன். நனைந்துகொண்டே போய் அந்தப் போயாப் படத்தை எடுத்துவந்த அக்கா, நம் வாசலில் நின்று போனை நீட்டினார்.

"தண்ணித் தாங்கியப் பாரு."

பழைய படங்களில் தாங்கி ஒரு சவுக்கு மரத்துக்குப் பின்னால் பாதி மறைந்திருக்கும். இதில் முழுதாகத் தெரிந்தது.

சாயந்தரம் லயத்து வாசலில் எல்லோரும் கூடினோம். முன்பு ஒரு தடவை யாரோ அதிகாரிகள் வந்து, இது ஆபத்தான இடம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். போவதற்கு வேறு இடம் எது என்று சொல்லவில்லை. அதனால் இந்தப் பேச்சு யாருக்கும் புதிது இல்லை. அக்கா, தோட்டத்தின் மேல் பிரிவுப் பள்ளிக்கூடத்துக்குப் போய் மழை விடும்வரை இருக்கலாம் என்றார். போன் கைமாறிக் கைமாறிப் போனது.

கோயில் மாமா பார்த்துவிட்டுச் சிரித்தார். "அடப் புள்ள, நகந்தது கல்லு. நான்தானே நகத்துனேன், எனக்குத் தெரியாதா? ஒரு முழம் தள்ளி நின்னு பாத்தா மரத்துக்குப் பின்னால இருக்கிறது தெரியாதா என்னா?"

அது சரிதானே என்று எல்லோருக்கும் பட்டது. எனக்கும் பட்டது.

"கல்ல நகத்தினப் பொறகு எடுத்த படமும் ரெண்டு மூணு இருக்கு மாமா. அதுக்குள்ளயும் வித்தியாசம் இருக்கு. ஆனா கொஞ்சந்தான்."

"போன கோணலா வச்சிருப்பே."

"வச்சிருக்கலாம்" என்றார் அக்கா.

ஒருத்தி கோபப்பட்டுக் கேட்டாள்: "கைப்புள்ளையத் தூக்கிக்கிட்டு, சட்டி பானையத் தூக்கிக்கிட்டு இந்த மழையில ஏறச் சொல்றீங்க. ஒரே வார்த்தை சொல்லுங்க. மலை வருமா, வராதா?"

எல்லோரும் அக்காவின் முகத்தையே பார்த்தோம். அப்போது அவர் வரும் என்று சொல்லியிருந்தால் அந்த லயத்தில் ஒரு பூனைகூட நின்றிருக்காது. மாமாவின் மகன் ஏற்கெனவே தங்கள் மாட்டுக் கொட்டிலில் கயிற்றை அவிழ்க்கத் தயாராகத்தான் நின்றான்.

"தெரியாது" என்றார் அக்கா. "நான் பாத்ததத்தான் சொல்ல முடியும். வரும்னு நான் பாக்கல. ஆனா நான் போறேன்."

கூட்டம் கலைந்தது. மாமாவின் மகன், "அப்பா, நாமளும் போவமா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. "மாட்ட யாரு பாக்குறது? கல்லுதான்டா நகந்துச்சு" என்றார் மாமா.

நான் யோசித்துக்கொண்டு நின்றேன். உங்கள் அம்மா யோசிக்கவில்லை. துணியைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்: "அவங்களுக்கே தெரியாதுங்கிறாங்க. தெரியாத எடத்துல எம்புள்ளையப் படுக்க வைக்க மாட்டேன்." அதனால் நாம் போனோம். கீழ் லயத்தில் பாதிப்பேர் எங்களோடு வந்தார்கள். மீதிப்பேர் வரவில்லை.

மறுநாள் காலையில் மழை குறைந்தது. அதைப் பார்த்து மீதி இருந்தவர்களும் வழக்கம்போல, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குக் கிளம்பிப் போனார்கள். மாமா மேட்டில் இருந்த நம் லயத்துக் கோயிலுக்கு விளக்கு வைக்கப் போனார். மகன் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டுவந்து கொட்டிலில் நின்றிருந்தான். பள்ளிக்கூடத்து வராந்தாவில் நாங்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, பெரிய லொறியில் கல் கொட்டுகிற மாதிரிச் சத்தம் கேட்டது. அது நிற்கவே இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தபோது சவுக்கு மரங்கள் நின்றபடியே கீழே வந்துகொண்டிருந்தன. பிறகு தகரக் கூரை தெரியவில்லை. மாமா கோயில் வாசலில் நின்று அதை முழுவதும் பார்த்தார்.

பின்னேரத்தில் மண்ணை வெட்டி அந்தப் பையனை எடுத்தோம். நானும் வெட்டினேன். அதைப் பற்றி இவ்வளவு போதும்.

அக்கா அதற்குப் பிறகு எங்களோடு அதிக காலம் இருக்கவில்லை. மறுபடியும் வெளிநாட்டுக்குப் போய்விட்டார். இப்போது எங்கே இருக்கிறாரோ, தெரியாது. நாமும் பதுளைக்கு வந்துவிட்டோம். எங்கள் லயத்தில் யாரைக் கேட்டாலும், அந்தப் பொம்பளை ஒரு பொய் சொல்லாது என்பார்கள். நான் ஒரே ஒரு பொய்யைக் கேட்டிருக்கிறேன்.

நாங்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த நாட்களில், மாமா வகுப்பறைச் சுவரில் சாய்ந்தே கிடந்தார். சாப்பாடு இறங்கவில்லை. கொடுத்த தட்டு அப்படியே இருக்கும். ஒரு மத்தியானம் அக்கா எனக்கும் அவருக்கும் சோறு கொண்டுவந்தார். மாமா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒன்னு கேக்குறேன் புள்ள. நீ உள்ளதச் சொல்லுவே. நான் அந்தக் கல்லத் தொடாம விட்டிருந்தா, படத்துல மல நகந்தது தெளிவாத் தெரிஞ்சிருக்குமா? எம்மவன் அதப் பாத்துட்டு வந்திருப்பானா?"

வகுப்பறையில் பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நீயும் அதில் இருந்தாய். அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டு அவர் முன்னால் உட்கார்ந்தார்.

"இல்ல மாமா. பழைய எடத்துல நின்னும் ஒரு படம் எடுத்தேன். அதுல ஒன்னுமே தெரியல. தாங்கி மரத்துக்குப் பின்னால எப்பவும் போல மறைஞ்சுதான் இருந்துச்சு."

"நெசமாவா?"

"நான் பாத்தேன் மாமா."

பழைய இடத்தில் அவர் எந்தப் படமும் எடுக்கவில்லை. சீமெந்து பூசிய நாள் முதல் அவர் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் எனக்குக் காட்டியிருந்தார். நான் என் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதார். அக்கா சோற்றைப் பிசைந்து கையில் கொடுத்தார். அவர் சாப்பிட்டார்.

பிறகு தட்டுக் கழுவப் தண்ணீர் விழுகிற பீலியடிக்குப் போன அக்காவோடு நானும் போனேன். அவர்தான் முதலில் பேசினார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம் தம்பி."

"எதக்கா?"

"மல வரும்னு."

"பாக்காதத எப்பிடிக்கா சொல்லுவீங்க?"

அக்கா தட்டைத் தண்ணீரில் பிடித்தபடியே நின்றார். தட்டு கழுவி முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

"இப்பச் சொல்லலியா?" என்றார்.